விடியலின் யோனா: அரண்மனையிலிருந்து தப்பிய இளவரசியின் அனிமே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் தொடர்?

ஜப்பானியப் பெயர் ‘அகாட்சுகி நோ யோனா’. அகாட்சுகி என்றால் விடியற்காலை. மிசுஹோ குசானாகி 2009இல் ‘ஹானா டு யூமே’ இதழில் வரையத் தொடங்கிய மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) பியரோ ஸ்டுடியோ அனிமே ஆக்கியது. இயக்குநர் கசுஹிரோ யொனெடா. 2014 அக்டோபரில் தொடங்கி 2015 மார்ச்சில் முடிந்தது, 24 எபிசோட். யோனா என்றதும் மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த பைபிள் யோனா நினைவுக்கு வருவார். இவள் வேறு.

கதையைக் கெடுக்காமல் ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

கோகா நாட்டு மன்னருக்கு ஒரே மகள் யோனா. அவளுக்குப் பெரிய கவலை தன் சிவப்பு முடி படியாமல் நிற்பதுதான். பதினாறாம் பிறந்தநாளன்று, சின்ன வயதிலிருந்து அவள் நேசிக்கும் சூவோன் ஒரு கொண்டை ஊசி பரிசளிக்கிறான். அன்றிரவு அப்பாவிடம் மனதைத் திறந்து பேசலாம் என்று அவர் அறைக்குப் போகிறாள். அங்கே அதே சூவோன் அவரைக் கத்தியால் குத்திக்கொண்டிருக்கிறான். மெய்க்காவலன் ஹாக் அவளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறான். இவ்வளவும் முதல் எபிசோடிலும் அதையொட்டியும் வந்துவிடுவதால் இதைச் சொல்வது ஸ்பாய்லர் ஆகாது. சூவோன் ஏன் கொன்றான் என்பதுதான் காப்பாற்ற வேண்டிய விஷயம். அதையும் தொடர் வெகுநேரம் மறைத்து வைப்பதில்லை.

‘நாடுகடத்தப்பட்ட இளவரசி’ என்கிறார்களே, யார் நாடுகடத்தியது?

யாரும் இல்லை. விமர்சனங்களில் அடிக்கடி வரும் பிழை இது. அவள் தப்பி ஓடியவள். ஆறாம் எபிசோடில் நடக்கும் மலைவிளிம்புச் சம்பவத்துக்குப் பிறகு இறந்துவிட்டாள் என்று ஊர் நம்புகிறது. அதன் பிறகு அவள் தன் நாட்டுக்குள்ளேயே, பெயரை மறைத்துக்கொண்டு நடக்கிறாள். வெளிநாட்டுக்குத் துரத்தப்பட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அரண்மனையை விட்டு வெளியே கால் வைத்திராத பெண், தன் அப்பா ஆண்ட ஊர்கள் எப்படி இருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பதுதான் இதன் முதுகெலும்பு.

சூவோன் அவளுக்கு அண்ணன் முறை ஆயிற்றே?

ஆம். சூவோனின் அப்பா யூஹோன், மன்னரின் மூத்த சகோதரர். நம் கணக்கில் பெரியப்பா மகன், அண்ணன். தமிழில் பார்க்கிற பலருக்கு முதல் பத்து நிமிடம் நெளிய வைக்கும் இடம் இது. ஜப்பானில் அத்தை மகன், பெரியப்பா மகன் என்ற பிரிவினை இல்லை. உடன்பிறந்தார் பிள்ளைகள் யாரும் திருமணம் செய்யலாம், சட்டமும் அனுமதிக்கிறது. மன்னர் இந்தக் கல்யாணத்துக்கு மறுக்கிறார்தான், ஆனால் முறை பார்த்து அல்ல. எதைக் கேட்டாலும் தருகிற அப்பா, ஆயுதமும் சூவோனும் மட்டும் கிடையாது என்கிறார். முதல்முறை பார்க்கும்போது செல்லக் கண்டிப்புபோலத் தோன்றும் இந்த வசனத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் சீனாவா, கொரியாவா, ஜப்பானா?

கற்பனை நாடு. ஆனால் மாதிரி கொரியாவின் மூவரசர் காலம், குறிப்பாக கோகுர்யோ. ஹாக், முண்டோக், சூவோன் என்ற பெயர்களிலும் உடையிலும் அது தெரியும். கோகுர்யோவில் ஐந்து குலங்கள் இருந்ததுபோல் இங்கும் ஐந்து: வான், தீ, நீர், காற்று, மண். நம் ஐம்பூதம் அப்படியே வரிசையாக நிற்பதால் பெயர்களை மனதில் வைப்பது தமிழருக்குச் சுலபம். அரச குலம் வான். ஹாக் காற்று குலத் தளபதி. முதல் பாதியில் குடைச்சல் கொடுப்பது தீ குலம்.

எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். மொத்தம் ஒன்பதரை மணி நேரம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். அவற்றைத் தாண்டினால் எட்டரை மணிக்குள் முடியும். இரண்டு வார இறுதி போதும்.

முதல் மூன்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் எபிசோட்களில் கதை முன்னும் பின்னுமாகச் சின்ன வயதுக் காட்சிகளுக்குத் தாவும். இடைவெளி விட்டுப் பார்த்தால் அந்தத் தாவல் சலிப்பாகத் தெரியும். அடுத்த உட்காரலில் 4 முதல் 8. ஒன்பதிலிருந்து பதினொன்று வெள்ளை டிராகன், 12 முதல் 14 நீல டிராகன் (யோனா தேடிச் சேர்க்கும் வீரர்கள், விவரம் கீழே). 15 முதல் கடைசிவரை ஆவா துறைமுகம், ஒரே வீச்சாகப் பார்க்க வேண்டிய பகுதி. நடுவில் 16ஆம் எபிசோட் மட்டும் கதாநாயகி இல்லாமல் வேறு திசைக்குப் போகும். தாண்டிவிடாதீர்கள். காரணம் கீழே சூவோன் பற்றிய பதிலில்.

மூன்று எபிசோட் பார்த்தேன், கதாநாயகி அழுதுகொண்டே இருக்கிறாள். விட்டுவிடலாமா?

இந்தத் தொடரைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் விட்ட இடம் இதுதான். முதல் எபிசோடில் அவள் முடியைப் பற்றிப் புலம்பும் செல்லப்பிள்ளை. இரண்டு, மூன்றில் பேச்சே இல்லாத பொம்மை. எரிச்சல் வருவது இயல்பு. இயக்குநரும் அதைத்தான் விரும்புகிறார்.

மூன்றாம் எபிசோடில் ஒரு சின்னக் காட்சி. காட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கொண்டை ஊசி தொலைந்துவிட்டது. அப்பாவைக் கொன்றவன் கொடுத்த ஊசி. அவள் யாருக்கும் தெரியாமல் இருட்டில் எழுந்து அதைத் தேடிப் போகிறாள். சுற்றிலும் பாம்புகள். எதற்காகப் போனாள் என்று ஹாக்குக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி விளக்கிப் பேசுவதில்லை. துரோகம் செய்தவன்மேல் அன்பு ஒரே இரவில் செத்துவிடாது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய சாகசக் கதைகள் குறைவு. இந்தக் காட்சி உங்களைத் தொடவில்லை என்றால்கூட ஆறாம் எபிசோட் வரை பொறுங்கள். தீ குலத்துத் தேஜூன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்திருக்க, நஞ்சு தோய்ந்த அம்பு பட்ட ஹாக் மலைவிளிம்பில் தொங்குகிறான். யோனா ஒரு வாளைப் பிடுங்குகிறாள். எதிரியை வெட்டத் தெரியாது, வலுவும் இல்லை. வெட்டுவது தன் முடியை. முதல் எபிசோடில் அவள் புலம்பிய அதே முடி. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விடலாம்.

யார் இந்த டிராகன்கள்? நான்கு அழகான ஆண்கள் சுற்றிவரும் வகைக் கதையா?

சிவப்பு டிராகன் மனிதனாகப் பிறந்து முதல் மன்னன் ஹிர்யூ ஆனான் என்பது நாட்டுத் தொன்மம். அவனைக் காக்க மற்ற நான்கு டிராகன்கள் தங்கள் ரத்தத்தை நான்கு வீரர்களுக்குக் கொடுத்தன. அந்த ரத்தம் வழிவழியாக வருகிறது. வெள்ளை டிராகன் கிஜாவுக்கு நகமுள்ள பெரிய கை. நீலம் ஷின்ஆவுக்குக் கண், அதனால்தான் முகமூடி. பச்சை ஜேஹாவுக்கு வானளாவத் தாவும் கால். மஞ்சள் ஸேனோ கடைசியில் வந்து சேர்கிறான்.

போஸ்டரைப் பார்த்தால் ஒரு பெண்ணைச் சுற்றி ஆண்கள் கூட்டம்தான். அந்த முத்திரை குத்தியே இதை ஒதுக்கியவர்கள் ஏராளம். உள்ளே இருப்பது வேறு. ஒரே ரத்தத்தை மூன்று கிராமங்கள் எப்படி நடத்தின என்று பாருங்கள்: கிஜாவைக் கடவுளாகக் கும்பிட்டார்கள், ஷின்ஆவைப் பேயாகப் பயந்தார்கள், ஜேஹாவைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். அதனால் இளவரசி வந்து “உன் சக்தி வேண்டும்” என்று கேட்கும்போது மூவரின் பதிலும் மூன்று விதம். கிஜா காத்திருந்தவன், ஓடி வருகிறான். ஷின்ஆவுக்குப் பெயரே கிடையாது. அவனுக்கு அந்தப் பெயரை வைப்பவள் யோனாதான், நிலவொளி என்ற பொருளில். ஜேஹா முகத்துக்கு நேராக மறுக்கிறான். ரத்தம் இழுக்கிறது என்பதற்காக யாருக்கும் அடிமையாக மாட்டேன் என்கிறான். விதியை எதிர்த்து வாதாடும் ஆள் ஒருவனைக் குழுவுக்குள்ளேயே வைத்தது குசானாகியின் கெட்டிக்காரத்தனம்.

சூவோன் வில்லனா?

தொடரின் மிகச் சிறந்த பகுதி இந்தக் கேள்விதான்.

யோனாவின் அப்பா ஆயுதத்தைத் தொடாதவர், போரை வெறுத்தவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அண்டை நாடுகளுக்கு நிலம் விட்டுக்கொடுக்கப்பட்டது, தளபதிகள் முணுமுணுத்தார்கள், எல்லை ஊர்கள் பட்டினி கிடந்தன, துறைமுகத்தில் அதிகாரியே பெண்களைக் கடத்தி விற்றான். அன்பான அப்பா, கண்ணை மூடிக்கொண்ட அரசர். இரண்டும் ஒரே ஆள்.

அவரைக் கொன்று அரியணை ஏறியவன் நன்றாக ஆள்கிறான். இதுதான் கசப்பு. 16ஆம் எபிசோடில் சூவோன் மண் குலத் தளபதி குந்தேயைப் பார்க்கப் போகிறான். அசட்டுச் சிரிப்பு, தடுமாறும் நடை. இவனா ராஜா என்று குந்தே சலித்துக்கொள்கிறான். சூவோன் போர் விளையாட்டு ஒன்றை விழாவாக நடத்தலாம் என்கிறான். மேலுக்கு வேடிக்கை. முடியும்போதுதான் அந்த மண்ணின் வணிகத்தைத் தூக்கிவிடும் கணக்கு உள்ளே ஓடியது தெரிகிறது. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் மிக முரட்டுத் தளபதியைத் தன் பக்கம் இழுக்கிறான். இந்த எபிசோடைத் தாண்டியவர்களுக்குக் கடைசி எபிசோட்களில் யோனா அவனை எதிர்கொள்ளும் இடத்தின் கனம் கிடைக்காது. பழிவாங்கல் நியாயமா என்ற கேள்வி அங்கே பார்வையாளர் தலையில் வந்து விழுகிறது, தொடர் பதில் சொல்வதில்லை.

யோனா எப்போது சண்டை போடுவாள்?

வாளேந்திய வீராங்கனையை எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஹாக்கிடம் கெஞ்சிக் கற்றுக்கொள்வது வில் மட்டும். அதுவும் மெல்ல. பகலெல்லாம் நடை, இரவில் மற்றவர்கள் தூங்கியபின் பயிற்சி. பல எபிசோட் வரை குறி தவறுகிறது. தொடர் இதில் ஏமாற்றவில்லை, திடீர் சக்தியெல்லாம் வருவதில்லை.

அவள் துணிச்சலை அளக்க 19ஆம் எபிசோடைப் பாருங்கள். கடற்கொள்ளைக் கூட்டத் தலைவி கிகான் ஒரு சோதனை வைக்கிறாள்: கடலோரச் செங்குத்துப் பாறையில் விளையும் மருந்துப் பூண்டைப் பறித்து வா. டிராகன்கள் உதவக்கூடாது. காலடி வைக்க ஒரு பாதம் அகல விளிம்பு, கீழே அலை. அவள் நடுங்குகிறாள், அழுகிறாள், நகர்கிறாள். அடுத்த எபிசோடில் இளவரசியும், அவள் குழுவில் உள்ள பையன் யூன் பெண் வேடமிட்டும் கடத்தல் கப்பலுக்குள் தாங்களாகவே போகிறார்கள். கப்பல் எது என்று காட்டப் பட்டாசு கொளுத்த வேண்டும். திட்டம் அவ்வளவுதான். டிராகன் சக்தி படைத்தவர்கள் வெளியே காத்திருக்க, சக்தியே இல்லாத இருவர் மேல் மொத்தப் போரும் நிற்கிறது.

யூன் யார்? யாருமே அவனைப் பற்றி எழுதுவதில்லையே.

மூலிகை, சமையல், வரைபடம், தையல் எல்லாம் தெரிந்த ஏழைப் பையன். அவன் இல்லையென்றால் மற்றவர்கள் எட்டாம் எபிசோடிலேயே பட்டினியில் செத்திருப்பார்கள். அரசகுலத்தைக் கண்டாலே அவனுக்கு ஆகாது, அதை யோனாவின் முகத்துக்கு நேராகச் சொல்வான்.

ஜப்பானிய ஒலியில் பார்க்கலாமா, ஆங்கில டப்பிலா?

ஜப்பானிய ஒலி. யோனாவுக்கு சிவா சைட்டோ, ஹாக்குக்கு தொமோஆகி மயெனோ. சைட்டோவின் குரல் முதல் எபிசோடிலிருந்து இருபதுக்குள் ஒரு படி கீழே இறங்குவதைக் காதால் கேட்கலாம். ஆங்கிலத்தில் மோனிகா ரியல், கிறிஸ்டோபர் சபாட். அதுவும் மோசமில்லை.

சப்டைட்டிலில் தொலைவது ஹாக்கின் பேச்சு. அவன் இலக்கணப்படி மரியாதை விகுதி போட்டு, தொனியில் கிண்டலடிப்பான். நம் ஊரில் “என்னங்க இளவரசியம்மா, தூக்கம் கலைஞ்சுதா?” என்று இழுப்போமே, அந்த ரகம். எழுத்தில் வெறும் ‘பிரின்சஸ்’ என்று வந்து போய்விடும். பெயர் எழுத்துகளும் ஆளுக்கொரு விதம்: சூவோன், சுவான், சுவொன் எல்லாம் ஒரே ஆள்.

இசை?

குனிஹிகோ ரியோ. 2002இல் வந்த ‘பன்னிரு அரசுகள்’ அனிமேக்கும் இவர்தான் இசை, அதுவும் பியரோ தயாரிப்பு. 14ஆம் எபிசோட் வரை தொடக்கப் பாட்டில் பாடகரே கிடையாது, வெறும் வாத்தியம். அதை மட்டும் தாண்டாதீர்கள். 15இலிருந்து வரும் இரண்டாவது பாட்டு ராக், கதையின் நிறத்தோடு ஒட்டவில்லை. அதற்குப் பரிகாரமாக இரண்டாம் பாதியின் முடிவுப் பாட்டை அகிகோ ஷிகாடா பாடியிருக்கிறார்.

குறையே இல்லையா?

இருக்கிறது. சண்டைக் காட்சிகளில் அசைவு சிக்கனம். நின்ற படத்தின்மேல் கேமரா ஓடும் இடங்கள் நிறைய. நருட்டோவின் நல்ல எபிசோட்களைத் தந்த ஸ்டுடியோ என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். நீல டிராகன் குகைப் பகுதி மூன்று எபிசோடுக்கு இழுக்கிறது, இரண்டில் முடித்திருக்கலாம். சோகம் உச்சத்தில் இருக்கும்போது முகங்கள் சட்டென்று குட்டிக் கார்ட்டூனாகச் சுருங்கிக் காமெடி செய்யும். மங்காவில் அது ஓரத்துச் சின்னக் கட்டம், கண் கடந்து போய்விடும். திரையில் முழு அகலத்துக்கு வரும்போது இடிக்கிறது. அதைவிடப் பெரிய குறை முடிவு.

முடிவு ஏன் அப்படி அறுந்து நிற்கிறது?

24ஆம் எபிசோடில் நான்காவது டிராகன் வந்து குழு நிறைகிறது. தொடரும் அங்கேயே நின்றுவிடுகிறது. மங்காவில் அது எட்டாம் தொகுதி. மங்கா நாற்பது தொகுதிகளைத் தாண்டியது. ஆக நீங்கள் பார்த்தது முகவுரை. சிறந்த முகவுரை, ஆனாலும் முகவுரை. இந்தத் தொடர் உரிய பேர் வாங்காமல் போனதற்குப் போஸ்டர் பாதி காரணம் என்றால் இது மீதிப் பாதி. முழுமை இல்லாததைச் சிபாரிசு செய்ய ஆளுக்குத் தயக்கம்.

ஓவிஏ மூன்றையும் உடனே பார்க்கலாமா?

ஓவிஏ என்றால் டிவியில் அல்லாமல் வட்டில் நேரடியாக வரும் கூடுதல் எபிசோட். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 2015இல் வந்த முதல் ஓவிஏ வெந்நீர் ஊற்றுப் பயணம். 24 முடிந்ததும் பார்க்கலாம், எதுவும் கெடாது. 2016இல் வந்த மற்ற இரண்டும் ஸேனோவின் கடந்த காலம். மங்காவில் அது நூறாவது அத்தியாயத்தை ஒட்டி வெடிக்கும் ரகசியம். பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் கை தானாக அமுக்கிவிடும், தானியங்கி ஓட்டமும் அதையே செய்யும். மங்கா படிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் அந்த இரண்டையும் தள்ளி வையுங்கள். படிக்கவே மாட்டேன் என்பவர்கள் பார்க்கலாம். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும். ஸேனோ பெயரைத் தேடுபொறியில் தட்டவும் வேண்டாம், பரிந்துரை வரியே ரகசியத்தை உடைத்துவிடும்.

மங்காவை எங்கிருந்து தொடங்குவது?

எட்டாம் தொகுதியின் தொடக்கத்திலிருந்து. கொஞ்சம் பார்த்ததே திரும்ப வரும், பரவாயில்லை. ஓவியத்துக்குக் கண் பழகும். அதற்கு அடுத்துத் தீ குலத்து நிலத்தில் நடப்பதை எந்த அனிமே எபிசோடும் தொடவில்லை. ஆறாம் எபிசோடில் முடியைப் பிடித்து இழுத்த தேஜூனை அங்கே வேறு ஆளாகச் சந்திப்பீர்கள்.

வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதிமூன்றுக்கு மேல் என்றால் தாராளமாக. முதல் எபிசோடில் கத்திக்குத்து, ரத்தம் உண்டு. ஆவா பகுதியில் பெண்களைக் கடத்தி விற்பது கதையின் மையம், காட்சியில் ஆபாசம் இல்லை, பேச்சில் மறைப்பும் இல்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் அந்தப் பகுதிக்குமுன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பு முடிப் பெண் என்றால் அந்த மூலிகைக்காரி தொடர்தானே?

இல்லை, அது ‘செம்முடி ஷிராயுகி’. 2015இல் போன்ஸ் ஸ்டுடியோ தயாரித்த இதமான காதல் கதை. தேடும்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

இதைப் பற்றி விமர்சனம் எழுதவோ வீடியோ போடவோ நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

24ஐ முடித்தபின் முதல் எபிசோடை மறுபடி பாருங்கள், அரை மணி நேரம்தான். சூவோன் யோனாவைப் பார்க்காத தருணங்களில் அவன் கண் எங்கே போகிறது, ஹாக் எதைச் சிரித்து மழுப்புகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். கதைச் சுருக்கத்தை முதல் எபிசோடோடு நிறுத்துங்கள். வீடியோவின் முகப்புப் படத்தில் குட்டை முடி யோனாவைப் போடாதீர்கள், ஆறாம் எபிசோடின் அடி அத்தோடு போய்விடும். ‘பெண்களுக்கான தொடர்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஷோஜோ (பெண் பிள்ளைகளுக்கான மங்கா) என்பது எந்த இதழில் வந்தது என்பதைச் சொல்லும் சொல், இதில் குலப் போட்டியும் வரியும் பசியும் இருக்கின்றன. கடைசியாக, இது முடியாத தொடர் என்பதை மறைக்காமல் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்து மணி நேரம் செலவழித்தபின் தெரிந்தால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

அந்த அணில்?

பெயர் ஆவோ. ஷின்ஆவின் தோளில் குடியிருக்கும், “புக்யூ” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாது. சிரிப்புக்காக வைத்த அணில்தான். ஆனால் அந்தப் பெயர் முதலில் யாருடையது என்பது ஷின்ஆவின் பிள்ளைப்பிராயக் காட்சிகளில் வருகிறது.